எண்பத்தேழாம் கேன்

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து மேல்லயத்தில் வரிசையாக நாற்பத்தாறு வீடுகள். அந்த நாற்பத்தாறு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வருவதும் வராததும் கிருஷாந்தி கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கும் ஒரு பித்தளைச் சாவியில் இருந்தது. குளிக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டாள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சேலைக்குள் அது கிடக்கும்.

"சங்கிலி போட வேண்டிய கழுத்துல ஆமைப்பூட்டுச் சாவிய போட்டுக்கிட்டுத் திரியுறா" என்று லயத்தில் சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு அவளுடைய அக்கா அழகம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "சங்கிலி போட்டவ ஆயிரம் பேர் இருக்கா. சாவி போட்டவ இந்தத் தோட்டத்துல ஒருத்திதான்."

அழகம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தங்கச்சியைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டவள். ஆனால் கையில் எடுத்த எதையும் அரைகுறையாக விட்டதில்லை. அவள் அடுக்கிய விறகில் ஒரு சுள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் அவள் கவிழ்த்து வைக்கும் நான்கு குடங்களும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். அழகம்மா ஒரு வேலையில் தவறு செய்ய மாட்டாள் என்பது லயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட சங்கதி. முதலில் ஒத்துக்கொண்டவள் அவளேதான்.

தங்கச்சியைப் பற்றி அவளுக்கு இருந்த பெருமைக்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் மேல்லயத்துக்கு ஒரே ஒரு பீலிதான். கீழே பள்ளத்தில், பாறையிடுக்கிலிருந்து மூங்கில் குழாய் வழியாகக் கட்டைவிரல் பருமனில் விழும் தண்ணீர். பெண்கள் வேலைக்குப் போவதற்கு முன் குடத்தோடு இறங்கி, குடத்தோடு ஏறுவார்கள். அந்தப் பாதையின் இரண்டாவது வளைவில்தான் அவர்களுடைய அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு போனது. அதன் பிறகு அவள் எழும்பி நடக்கவேயில்லை. கட்டுநாயக்கவில் தையல் தொழிற்சாலையில் இருந்த கிருஷாந்தி வேலையை விட்டுவிட்டு வந்து, நான்கு வருடம் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, கழுவித் துடைத்து, கடைசிவரைக்கும் பார்த்தாள்.

அம்மா இறந்த வருடந்தான் தண்ணீர்த் திட்டம் வந்தது. பீலிக்கு அப்பால் வேறோர் ஊற்றில் குழி வெட்டி, மேலே பம்பு வைத்து, அதற்கும் மேலே மேட்டில் தொட்டி கட்டினார்கள். பம்பு ஓட்டுவதற்கு டவுனில் இரண்டு நாள் பயிற்சி. ஆறு ஆண்களும் கிருஷாந்தியும் போனார்கள். முதலில் சாவி அந்த ஆறு பேரில் ஒருவனான ஜீவனிடம்தான் போனது. மூன்றாம் மாதம் அவன் பம்பைக் காற்றோடு ஓடவிட்டு, யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்து, மோட்டரைக் கருக்கினான். லயம் பத்தொன்பது நாள் பீலிக்கு இறங்கி ஏறியது. அதன் பிறகு யாரும் சாவியைத் தொட முன்வரவில்லை. தண்ணீர்ச் சங்கத் தலைவர் வீரய்யா, "ஆம்பள யாராச்சும் கெடைக்கிற வரைக்கும் நீ வச்சுக்க" என்று சொல்லிக் கிருஷாந்தியிடம் கொடுத்தார். ஆறு வருடமாயிற்று. ஆம்பளை இன்னும் கிடைக்கவில்லை.

பம்பை ஓட்டுவது சுவிட்சைத் தட்டுவதோடு முடிகிற வேலை இல்லை. பம்பறை மேட்டில், ஊற்றுக்குழி முப்பத்தாறு படி கீழே. இரண்டுக்கும் நடுவில் உள்ள குழாயில் காற்று புகுந்துவிட்டால் பம்பு தண்ணீரை இழுக்காது, சூடேறிக் கருகும். அதனால் ஒவ்வொரு தடவையும் பம்பின் தலையில் உள்ள திருகைக் கழற்றி, புனல் வைத்து, குமிழி நிற்கும்வரை மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் எடுக்கத் தண்ணீர் வேண்டும். அதற்காகப் பம்பறையில் ஒரு நீலக் கேன், பத்து லீற்றர், எப்போதும் நிறைந்திருக்கும். ஊற்றியவர் மறுபடி நிரப்பி மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். லயத்தில் ஒருவருக்கு வாந்தி பேதி என்றாலும், வீட்டில் ஒரு சொட்டு இல்லை என்றாலும், அந்தக் கேனில் கை வைக்கக் கூடாது. இது கிருஷாந்தி போட்ட சட்டம். வெள்ளிக்கிழமையில் பம்புக்குத் திருநீறு பூசும்போது கேனுக்கும் ஒரு கோடு போடுவாள்.

மேலதிகச் சாவி ஒன்று அக்கா வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அழகம்மாவுக்குப் பம்பு போடத் தெரியும். தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவள்தான் போட்டிருக்கிறாள், ஒரு பிழையும் இல்லாமல்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மழை இல்லை, ஊற்று சுரந்து குழி நிறையப் பத்து மணித்தியாலம் எடுத்தது. பகலும் இரவுமாகப் பத்து மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லாமல் பஸ் நின்றது. கிருஷாந்தி விடியற்காலை ஒரு தடவையும், பிற்பகல் இரண்டரைக்குக் கரண்ட் வந்ததும் ஒரு தடவையும் பம்பு போட்டாள். பிற்பகல் தண்ணீரைத் தவறவிட்டால் அந்தி நேரத்துக் குழாயில் காற்றுதான் வரும். இத்தனைக்கும் நடுவில் குழிக்குள் கிடக்கும் வால்வின் வாஷர் தேய்ந்து, குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் கசிந்து இறங்க ஆரம்பித்தது. முன்பு அரைக் கேன் ஊற்றினால் போதும். இப்போது முழுக் கேனும் வேண்டியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிருஷாந்தி அந்த வாஷரைத் தேடி டவுனுக்கு நடந்தாள். "இரண்டு மணிக்குள்ள வந்துருவேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்கு அழகம்மாவுக்கும் ஒரு வேலை இருந்தது. மகள் பிரேமிளாவுக்கு வைகாசியில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. மாலை ஆறரைக்குக் கரண்ட் போனால் பிள்ளை படிப்பது போத்தல் விளக்கில், அந்த விளக்குக்கு எண்ணெய் முடிந்து மூன்று நாள். கீழே பெற்றோல் செட்டில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. முதல் நாள் போய்த் திரும்பியிருந்த பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் இராஜகுமாரி எச்சரித்திருந்தாள். "மூடி இல்லாத கேனுக்கு ஊத்த மாட்டேங்கிறான். என்னையும் இன்னும் நாலு பேரையும் வெரட்டி விட்டுட்டான்."

அழகம்மா வீட்டுக் கேனுக்கு மூடி தொலைந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. அவள் சாமிப்படத்துக்குப் பின்னால் கை விட்டுச் சாவியை எடுத்தாள். பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடலாம். கேனைச் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்து, நிரப்பி, இருந்த இடத்தில் வைத்துவிடலாம். கரண்ட் வருவது இரண்டரைக்கு. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கேனில் இருந்த தண்ணீரை வீட்டு அண்டாவில் ஊற்றிக்கொண்டு இறங்கினாள்.

செட்டில் கேன்கள்தான் வரிசையில் நின்றன, ஆட்கள் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கேனின் கைப்பிடியிலும் கயிறு ஓடியது. செட்டுக்காரன் கறுப்பு மார்க்கரால் கேனின் தோளில் நம்பர் எழுதிக்கொண்டு வந்தான். அழகம்மாவின் நீலக் கேனுக்கு 87. எண்பத்தெட்டு, மஹய்யாவ பக்கத்திலிருந்து வந்த ஆஸியா உம்மாவுடையது.

"நான் கடல கண்டதே ரெண்டு தரம் மகள்" என்றார் ஆஸியா உம்மா. "இப்ப சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா மொதல் கேள்வி, கப்பல் வந்திச்சா. எங்கட குசினிக்கும் கப்பலுக்கும் இப்பிடி ஒரு சொந்தம் இரிக்கிறது இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சு."

"எங்களுக்கும் அப்படித்தாங்க. கப்பல் வந்தா எண்ணெ, எண்ணெ வந்தா கரண்ட், கரண்ட் வந்தா எங்க லயத்துக்குத் தண்ணி."

"தண்ணிக்கும் கப்பலா? மலைக்கு மேல இரிக்கிற ஆளுகளுக்கா?"

"பம்புங்க. என் தங்கச்சிதான் ஓட்டுறா." அழகம்மா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள். தங்கச்சியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, பயிற்சிக்குப் போனது, மோட்டர் கருகியது, ஆறு வருடமாக ஒரு நாள் தவறாதது எல்லாம் சொல்லி முடித்தபோது வரிசை பன்னிரண்டு கேன் நகர்ந்திருந்தது. கொஞ்சம் பின்னால், தொண்ணூறைத் தாண்டிய ஏதோ ஒரு கேனுக்கு அருகே ஜீவன் குந்தியிருந்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள்.

பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கேனில் ஐந்து லீற்றர் விழுந்தது. அவசரத்தில் ஊற்றியவன் அவள் சேலையிலும் ஒரு கை ஊற்றினான். மண்ணெண்ணெய் நெடியோடு மலை ஏறினாள். லயத்துத் திருப்பத்தில் கால் வைத்தபோது கோயில் ஸ்பீக்கர் திடீரென்று இரைந்தது. கரண்ட் வந்துவிட்டது. அட்டவணையில் இரண்டரை, கைப்பேசியில் ஒன்று நாற்பது. அதே கைப்பேசி அடித்தது.

"அக்கா, கரண்ட் வந்துருச்சாமே, லயத்துல இருந்து நிலூஷா போன் பண்ணுனா. நான் இன்னும் டவுன்லதான் நிக்கிறேன். பஸ்ஸே இல்ல, நடந்துதான் வரணும். எப்பப் போகும்னு தெரியாது, நீ போய் பம்ப போட்டுரு."

"ம்."

"கேன் நெறைச்சு வச்சிருக்கேன். முழுசா ஊத்து, வால்வு கசியுது."

"சரி, நான் பாத்துக்கிறேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேன் என் கையில் இருக்கிறது, அதில் மண்ணெண்ணெய் இருக்கிறது என்று. கிருஷாந்தி திட்டியிருப்பாள், அப்புறம் குடத்தில் தண்ணீர் கொண்டுபோ என்று சொல்லியிருப்பாள். இஸ்தோப்பில் நான்கு குடம் கவிழ்ந்துதான் கிடந்தது. ஆனால் அழகம்மாவின் மனம் முழுவதும் கேனில் இருந்தது. தங்கச்சி வரும்போது கேன் அதன் இடத்தில் நிறைந்து இருக்க வேண்டும், எடுத்ததே தெரியக் கூடாது. மண்ணெண்ணெயை ஐந்து போத்தல்களில் ஊற்றி மூடினாள். முப்பத்தாறு படியும் ஓடி இறங்கினாள். கேனைக் குழிக்குள் அமுக்கி, குலுக்கிக் கொட்டி, மறுபடி அமுக்கி நிரப்பினாள். ஏறி வந்து புனலை வைத்து ஊற்றினாள். குமிழி நின்றது. சுவிட்சைப் போட்டதும் பம்பு ஒரு தடவை செருமிவிட்டுத் தண்ணீரைப் பிடித்தது. கேனை மறுபடி நிரப்பி இருந்த இடத்தில் வைத்தாள். மண்ணெண்ணெய் மணத்தது உண்மை. அவளுடைய சேலை மணத்தது, கை மணத்தது, தலைமயிர்கூட மணத்தது. தண்ணீரும் மணக்கிறதா என்று பிரித்துப் பார்க்க அவளிடம் மூக்கு இல்லை.

கிருஷாந்தி நான்கேகாலுக்கு வந்து சேர்ந்தாள். செருப்பு அறுந்து கையில் இருந்தது. வாஷரைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "நாலு கடை ஏறி எறங்கி வாங்குனேன்" என்று சிரித்தாள். ஐந்து மணிக்குத் தொட்டி வால்வைத் திறந்தாள். நாற்பத்தாறு குழாயும் பேச ஆரம்பித்தன.

முதலில் வந்தவள் நிலூஷா. நான்கு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளரை நீட்டினாள். "கிருஷாந்திக்கா, இத மோந்து பாருங்க. நான் பாப்பாவுக்குக் காய்ச்சின தண்ணி."

கிருஷாந்தி மோந்தாள். அடுத்த நிமிடம் ஓடிப்போய்த் தொட்டி வால்வை அடைத்தாள். அதற்குள் இராஜகுமாரியின் குரல் லயத்துக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. "மூணு நாளா நிண்டு வாங்க முடியாத மண்ணெண்ணெ இப்ப குழாய்லயே வருது. வெளக்க கொண்டாங்கடி, பத்தவச்சுப் பாப்போம்."

பம்பறை வாசலில் கூட்டம் கூடியது. கிருஷாந்தி உள்ளே போய்க் கேனைத் தூக்கி மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு அதைத் திருப்பி, தோளில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். வாசலில் நின்ற அழகம்மா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 87-ஐ அப்போதுதான் அவள் நினைத்தாள்.

கிருஷாந்தி கேனை நம்பர் தெரியாமல் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

வீரய்யா உள்ளே எட்டிப் பார்த்தார். "அறை முழுக்க மண்ணெண்ணெ வாடை. பூட்டு ஒன்கிட்டதான். சொல்லு தங்கச்சி, எவ்வளவு பதுக்கி வச்சிருந்த?"

"பதுக்கல அண்ணே."

"அப்ப எப்படித் தண்ணிக்குள்ள வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

"பம்பு என் பொறுப்பு. பிழை நடந்தது என் பம்புல. அதுக்கு மேல இப்ப கேக்காதீங்க." அவள் அக்கா நின்ற பக்கம் திரும்பவேயில்லை. "தொட்டிய கழுவி விடணும். குழியும் எறைக்கணும். துணி தொவைக்க, கக்கூசுக்கு வேணும்னா இந்தத் தண்ணிய எடுத்துக்கங்க. வாயில யாரும் வைக்க வேணாம்."

"இருக்கிற தண்ணியையும் கொட்டப் போறாளாம்" என்று யாரோ சொன்னார்கள். மண்ணெண்ணெய்க்காக ஆட்கள் ரோட்டில் மயங்கி விழுகிற காலம் அது. பதுக்கினாள் என்ற பேச்சு ஒருத்தியின் மேல் ஒட்டினால் லேசில் போகாது. வீரய்யா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கோயில் வாசல்ல கூட்டம். சாவி யார்கிட்ட இருக்கணும்னு அங்க முடிவு பண்ணுவோம். ஜீவன், நீயும் வந்துரு."

மறுநாள் விடிந்ததிலிருந்து லயம் பழைய பீலிக்கு இறங்கியது. அழகம்மா வேலைக்குப் போகவில்லை. பதினொரு குடம் சுமந்தாள், தொட்டி கழுவ. தொட்டிக்குள் கிருஷாந்தி தூரிகையும் சவர்க்காரத் தூளுமாகக் குனிந்து நின்றாள். அக்கா நீட்டிய குடத்தை வாங்கினாள், ஊற்றினாள், வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோபமாகத் திட்டினால் பதில் சொல்லலாம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது நீலக் கேன் அழகம்மாவின் இஸ்தோப்பில், கவிழ்த்த குடங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. நம்பர் வீட்டைப் பார்த்திருந்தது.

அழகம்மா அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். தேங்காய்ப் பொச்சால் தேய்த்தாள், போகவில்லை. சாம்பல் வைத்துத் தேய்த்தாள், போகவில்லை. பிறகு ஒரு துணியில் போத்தலைச் சாய்த்து மண்ணெண்ணெய் நனைத்தாள். துணி பட்டதும் எட்டின் மேல்வளையம் கரைந்து வழிந்தது.

நம்பர் போய்விட்டால் இது வெறும் கேன். கேனுக்குள் எண்ணெய் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. கிருஷாந்தி சொல்ல மாட்டாள், அது நேற்றே தெரிந்துவிட்டது. அழகம்மாவின் பேர் அப்படியே இருக்கும். சாவி மட்டும் போகும்.

"என்னம்மா பண்ற?" பிரேமிளா புத்தகத்தோடு வாசலில் நின்றாள்.

"கேன கழுவுறேன்."

"மண்ணெண்ணெயிலயா கழுவுற?"

அழகம்மாவின் கை நின்றது.

"சின்னம்மா பதுக்குனான்னு இராஜகுமாரியக்கா பிள்ளைங்க என்கிட்டயே சொல்லுதுங்க" என்றாள் பிரேமிளா. "நீ வாங்கிட்டு வந்த எண்ணெயத்தான் நான் நேத்து வெளக்குல ஊத்திப் படிச்சேன். நான் என்னம்மா சொல்லட்டும்?"

அழகம்மா துணியைக் கீழே போட்டாள். கேனில் எட்டு பாதியாகவும் ஏழு முழுசாகவும் இருந்தது.

ஐந்து மணிக்குக் கோயில் வாசலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். வீரய்யா கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஜீவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கிருஷாந்தி ஓரமாக நின்றாள், நாள் முழுதும் தொட்டிக்குள் குனிந்ததில் ஒரு கை இடுப்பில் இருந்தது. வீரய்யா நீட்டிப் பேசவில்லை. "நல்லாத்தான் ஓட்டுன, நான் இல்லேங்கல. ஆனா பூட்டுன அறைக்குள்ள மண்ணெண்ணெ வந்ததுக்கு நீ பதில் சொல்லல. சாவிய வச்சுட்டுப் போ."

கிருஷாந்தி கழுத்து நூலைத் தலைக்கு மேலாக எடுத்தாள். ஆறு வருடத்தில் அந்த நூல் கிடந்த இடம் கழுத்தில் வெளுத்திருந்தது. அழகம்மா அதைப் பார்த்தாள்.

"கேன எடுத்தது நான்" என்றாள்.

கூட்டம் திரும்பியது.

"செட்டுக்கு மண்ணெண்ணெய்க்குப் போனேன். எங்க கேனுக்கு மூடி இல்ல, எங்க வீட்டுல இருக்கிற மத்தச் சாவியால தொறந்து பம்பறைக் கேன கொண்டு போனேன். அவ டவுன்ல இருந்தா. பம்ப போட்டதும் நான். கேன சரியாக் கழுவாம, குழிக்குள்ளயே முக்குனேன்."

வீரய்யா பொறுமையாகச் சிரித்தார். "அழகம்மா, நீ வளத்த பிள்ளை, ஒனக்கு வயிறு எரியும். அதுக்காக இப்படியா? நீ ஒரு வேலைய அப்படிச் செய்ற ஆளா? கேக்கிற யாராச்சும் நம்புவாங்களா?"

இத்தனை வருடம் சேர்த்து வைத்த பேர் அங்கே அவளுக்கு எதிராக நின்றது. அழகம்மா சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்த கேனை எடுத்து வீரய்யாவின் காலடியில் வைத்து, நம்பரைத் திருப்பினாள்.

"செட்டுல எழுதுன நம்பர். எண்பத்தேழு. எட்டுல பாதி இல்ல. அத அழிச்சதும் நான்தான், இன்னைக்கு மத்தியானம்." ஜீவன் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னும் நம்பலேன்னா ஜீவன கேளுங்க. எனக்குப் பின்னாலதான் இருந்தான்."

ஜீவன் சட்டைக் கையைச் சரிசெய்தான்.

"ஒன் நம்பர் என்ன தம்பி?" என்றார் வீரய்யா.

"தொண்ணூத்தி மூணு."

"அழகம்மாவ பாத்தியா?"

"ஆளத்தான் பாத்தேன். கேன கவனிக்கல."

"கவனிச்சிருக்க மாட்டான்" என்றாள் இராஜகுமாரி. "மோட்டர் கருகுனப்பவும் கவனிக்காத ஆளுதானே."

கொஞ்சப் பேர் சிரித்தார்கள். வீரய்யா சிரிக்கவில்லை. கேனையும் அழகம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவி கிருஷாந்தியிடமே இருக்கட்டும் என்றார். அழகம்மா வீட்டில் இருக்கும் மற்றச் சாவி அங்கே இனி இருக்கக் கூடாது, நிலூஷாவிடம் கொடுக்க வேண்டும் என்றார். அதுவும் முடிவானது. அழகம்மா வீட்டுக்குப் போய், சாமிப்படத்தை நகர்த்தி, சாவியை எடுத்து வந்து நிலூஷாவின் கையில் வைத்தாள். திரும்பும்போது பெண்கள் வழி விட்டார்கள்.

அடுத்த நாள் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குக் கரண்ட் வந்தது. குழியை இரண்டு தடவை இறைத்து, மூன்றாவது தடவையாக ஊறிய தண்ணீர். புது வாஷர். பம்பறை மூலையில் புதுக் கேன், சிவப்புப் பெயின்ற் பூசி, கைப்பிடியில் சங்கிலி போட்டுச் சுவர்க் கொக்கியில் கட்டியிருந்தது. அழகம்மா உள்ளே போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் மேட்டில் நின்றாள், யாரும் கூப்பிடாமலே.

குழாய் இரைந்து, தொட்டிக்குள் முதல் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கிருஷாந்தி ஏறி வந்தாள். ஒரு டம்ளரில் பிடித்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். இரண்டு நாள் தொட்டிக்குள் கிடந்ததில் அவளுக்கும் நிச்சயமில்லை போலிருந்தது. பிறகு டம்ளரை அக்காவிடம் நீட்டினாள்.

அழகம்மா வாங்கினாள். எலுமிச்சை, புளி, சவர்க்காரம் எல்லாம் போட்டுத் தேய்த்த கை. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனதும் மண்ணெண்ணெய் வந்தது. தண்ணீரிலா, விரலிலா? வாயில் வைத்தாள். நாக்கிலும் அதுதான் இருந்தது, இல்லாமலும் இருந்தது. கீழே நாற்பத்தாறு வீட்டு வாசலிலும் குடங்கள் வெளியே வந்துவிட்டன. நல்ல தண்ணீர் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எந்த நாளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"எனக்குத் தெரியல" என்றாள். "என் மூக்க நம்ப முடியாது. நிலூஷாவ கூப்பிடு."

கிருஷாந்தி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள், இரண்டு நாளில் முதல் தடவையாக. பிறகு கீழே பார்த்துக் கூப்பிட்டாள். நிலூஷா குழந்தையோடு ஏறி வந்து, டம்ளரை வாங்கி, கண்ணை மூடி முகர்ந்தாள். ஒரு மிடறு குடித்தாள்.

"கொஞ்சம் இருக்குக்கா" என்றாள், யாருக்கோ வலிக்கும் என்பது போல மெதுவாக. "ரொம்ப இல்ல. ஆனா இருக்கு."

கிருஷாந்தி தொட்டியின் அடிவால்வைத் திறந்தாள். ஏறிய தண்ணீர் வாய்க்கால் வழியாகத் தேயிலைக்குள் இறங்கி ஓடியது. கீழே வாசல்களில் பேச்சு எழுந்தது, பிறகு அடங்கியது. ஒவ்வொரு குடமாக இடுப்புக்கு ஏறியது. நாளைக்குக் கரண்ட் வரும்போது இன்னொரு தடவை கழுவி, இன்னொரு தடவை ஏற்ற வேண்டும். நாளைக்குக் கரண்ட் வர வேண்டும்.

அழகம்மா வீட்டுக்கு இறங்கிப்போய் இரண்டு குடங்களை எடுத்தாள். பீலிப் பாதையின் தொடக்கத்தில் பின்னால் காலடி கேட்டது. கிருஷாந்தி வந்து ஒரு குடத்தை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டாள். இருவரும் நடந்தார்கள். முன்னால் போன பெண்களின் குடங்களிலிருந்து சிந்திய தண்ணீரில் பாதை நனைந்திருந்தது.

இரண்டாவது வளைவு வந்தபோது கிருஷாந்தி கையை நீட்டி அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

"மெதுவா வா" என்றாள். "இங்கதான் வழுக்கும்."